கதையில் வரும் ஜெர்மானியருக்குப் பெயர் வைப்பது எப்படி?

கதையில் ஒரு ஜெர்மானிய ஆண் வருகிறார் என்றதும் சட்டென்று நினைவுக்கு வருவது ஹான்ஸ். அதற்கடுத்து ஃப்ரிட்ஸ், கிளவுஸ். மூன்றும் அசல் ஜெர்மன் பெயர்கள்தாம். ஆனால் இன்றைய பெர்லினில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இருபத்தெட்டு வயது இளைஞருக்குக் கிளவுஸ் என்று பெயர் வைத்தால், ஜெர்மனியை ஓரளவு அறிந்த வாசகர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். கிளவுஸ் அந்த இளைஞருடைய தாத்தாவின் பெயராக இருக்கலாம். அவருடைய பெயராக இருப்பது அரிது.

நாம் பெயருக்குப் பொருள் தேடிப் பழகியவர்கள். ஜெர்மன் பெயர்களுக்கும் பொருள் உண்டு. வோல்ஃப்காங் என்ற பெயருக்குள் ஓநாய் இருக்கிறது. ஆனால் வோல்ஃப்காங் என்று அழைக்கும்போது எந்த ஜெர்மானியரும் ஓநாயை நினைப்பதில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவரைத்தான் நினைக்கிறார். அங்கே ஒரு பெயர் முதலில் சொல்வது வயதை. அடுத்து ஊரை. அதன் பிறகே மதமும் குடும்பத்தின் நிலையும். பெயரைத் தேடும்போதும் இதே வரிசையில் போவது நல்லது. 'வீரம்' என்ற பொருளில் ஒரு பெயர் வேண்டும் என்று அகராதியில் இறங்கினால் பெரும்பாலும் பொருந்தாத பெயரோடுதான் திரும்புவோம்.

முதல் படி: பிறந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

கதை நடக்கும் ஆண்டிலிருந்து பாத்திரத்தின் வயதைக் கழியுங்கள். கிடைக்கும் ஆண்டைத் தாளின் மேலே எழுதிவையுங்கள். இனி எல்லாம் அந்த ஆண்டைச் சுற்றித்தான்.

பெயர்களின் காலத்தைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி, உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் ஆடிய ஜெர்மன் அணிகள். 1954இல் பெர்ன் நகரில் ஹங்கேரியை வென்ற பதினொருவரின் பெயர்களைப் பாருங்கள்: டோனி, யுப், வெர்னர், ஹோர்ஸ்ட், இன்னொரு வெர்னர், கார்ல், ஹெல்மூட், மாக்ஸ், ஓட்மார், ஃப்ரிட்ஸ், ஹான்ஸ். இவர்களில் பெரும்பாலோர் 1920களில் பிறந்தவர்கள். 1974இல் ம்யூனிக்கில் வென்ற அணியில் இருந்தவர்கள் ஸெப், பெர்ட்டி, ஃபிரான்ஸ், ஹான்ஸ்-கேயோர்க், பவுல், ஊலி, ரைனர், வோல்ஃப்காங், யூர்கன், கெர்ட், பெர்ன்ட். இவர்கள் போர்க்காலத்திலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் பிறந்த பிள்ளைகள். 1990 அணியில் இரண்டு தோமாஸ், இரண்டு யூர்கன், ஓர் ஆண்ட்ரேயாஸ். 2014இல் மானுவேல், ஃபிலிப், மாட்ஸ், பெனடிக்ட், பாஸ்டியான், கிறிஸ்டோஃப், தோமாஸ், டோனி. இவர்களோடு ஜெரோம், மெசூட், மிரோஸ்லாவ். நான்கு பட்டியலையும் அடுத்தடுத்து வாசித்தால், ஒரு நாட்டில் அறுபது ஆண்டுகளில் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் எப்படி மாறியது என்பது விளங்கிவிடும்.

இதையே பத்தாண்டுக் கணக்கில் சுருக்கிச் சொல்கிறேன். 1900ஐ ஒட்டிப் பிறந்தவர் வில்ஹெல்ம், ஹெர்மான், ஓட்டோ, ஹைன்ரிஷ், ஃப்ரீட்ரிஷ். 1920களிலும் 30களிலும் பிறந்தவர் குந்தர், ஹைன்ட்ஸ், வெர்னர், கெர்ஹார்ட், ஹோர்ஸ்ட், ஹெல்மூட். 1918இல் பிறந்த ஹெல்மூட் ஷ்மிட், 1930இல் பிறந்த ஹெல்மூட் கோல் என்று இரண்டு ஹெல்மூட்டுகள் அடுத்தடுத்து மேற்கு ஜெர்மனியின் சான்ஸலர் (பிரதமர்) ஆனார்கள். 1940களில் பிறந்தவர் கிளவுஸ், டீட்டர், மான்ஃப்ரெட், யூர்கன், பேட்டர். 1950களிலும் 60களிலும் மிஷாயேல், தோமாஸ், ஆண்ட்ரேயாஸ், ஃப்ராங்க், ஊவே. 70களில் ஷ்டெஃபான், மார்குஸ், டோர்ஸ்டன், ஸ்வென். 80களில் கிறிஸ்டியான், ஸெபாஸ்டியான், டானியேல், டோபியாஸ். 90களில் யான், ஃபிலிப், லூக்காஸ், மாக்ஸிமிலியான். 2000க்குப் பின் லேயோன், ஃபின், யோனாஸ். 2010களில் பென்.

ஒரு நுட்பம் இருக்கிறது. கொள்ளுப்பாட்டனின் பெயர் திரும்பி வருகிறது. தாத்தாவின் பெயர் இன்னும் திரும்பவில்லை. எமில், ஆன்டோன், ஓஸ்கார், தேயோ, யாக்கோப் ஆகியவை நூறாண்டுக்கு முன் பரவலாக இருந்தவை. நடுவில் பழசாகிப்போய், இப்போது மழலையர் பள்ளிகளில் மறுபடியும் கேட்கின்றன. அதனால் எமிலுக்கு ஐந்து வயது என்றால் நம்பலாம், தொண்ணூற்றைந்து வயது என்றாலும் நம்பலாம். ஐம்பத்தைந்து வயது எமில் என்றால் அதற்குக் கதையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். ஹோர்ஸ்ட், டெட்லெஃப், யூர்கன் போன்றவை இன்னும் திரும்பவில்லை. சிறுவனுக்கு அந்தப் பெயர்களை வைக்காதீர்கள்.

கார்ல்-ஹைன்ட்ஸ், ஹான்ஸ்-யூர்கன், கிளவுஸ்-டீட்டர் போன்ற இணைப்புப் பெயர்களும் வயதைக் காட்டிக்கொடுப்பவை. 1930களிலிருந்து 60கள் வரை பிறந்த ஒருவருக்கு அவை கச்சிதம். இன்றைய இளைஞனுக்கு ஒட்டாது.

எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டுமானால், வீஸ்பாடன் நகரிலுள்ள ஜெர்மன் மொழிச் சங்கம் 1977 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஒரு சின்ன அறிவுரை: பட்டியலில் முதலிடத்தில் இருப்பதை எடுக்காதீர்கள். பத்துக்கும் நாற்பதுக்கும் இடையிலிருந்து எடுங்கள். முதலிடத்துப் பெயர் சரியாக இருக்கும், ஆனால் முகம் இருக்காது.

அடோல்ஃப் என்ற பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1900இல் பிறந்தவருக்கு அது சாதாரணப் பெயர். அடிடாஸ் நிறுவனரின் பெயர் அடோல்ஃப் டாஸ்லர். அவரை ஆடி என்று அழைத்தார்கள், நிறுவனத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே. 1933க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு அதே பெயர் என்றால் பெற்றோரின் அரசியல் அதில் தெரியும். 1945க்குப் பிறகு அந்தப் பெயர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பாத்திரத்துக்கு அதை வைத்தால் கதை முழுக்க அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க நேரும்.

இரண்டாம் படி: எந்த ஊர்க்காரர்?

'ஜெர்மனிக்காரர்' என்பது பெயர் வைக்கப் போதாது. பவேரியாவா, வட கடலோரமா, கொலோன் பக்கமா, பழைய கிழக்கு ஜெர்மனியா, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தெற்கிலுள்ள பவேரியா கத்தோலிக்க மரபு வேரூன்றிய மாநிலம். புனிதர்களின் பெயர்கள் இன்றும் செல்வாக்கோடு இருக்கின்றன. கோர்பினியான் என்ற பெயரைக் கேட்டவுடன் பவேரியா என்று சொல்லிவிடலாம். அவர் ஃப்ரைஸிங் நகரத்துப் புனிதர். க்விரின் என்றால் டேகெர்ன்ஸே ஏரிக்கரை. க்ஸாவர், அலோய்ஸ், ஃபிரான்ஸ், லுட்விக் ஆகியவை பழைய தலைமுறை. யோசஃப் அங்கே ஸெப் ஆகிறார், கேயோர்க் ஷோர்ஷ் ஆகிறார், ஸெபாஸ்டியான் வாஸ்டெல், மத்தியாஸ் ஹியாஸ்.

வடக்கே போனால் காற்றே வேறு. ஹவுக்கே, ஸ்யோன்க்கே, மால்ட்டே, ப்ரோடர், ஃபீட்டே, ஹின்னெர்க், கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் என்னோ, ஒன்னோ, ட்யார்க். கடலோரக் கிராமத்து மீனவருக்கு என்னோ என்று பெயர் வைத்தால் ஊர் வர்ணனையில் ஒரு பத்தி மிச்சம். கொலோன் பக்கத்தில் யோசஃப் யுப் ஆவார், பேட்டர் பிட்டர் ஆவார், அன்டோனியுஸ் ட்யூன்னெஸ் ஆவார். யாக்கோபுஸ் அங்கே க்யோபெஸ் ஆகி, மதுக்கடைப் பரிசாரகரைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

கிழக்கு ஜெர்மனியில் 1970களிலும் 80களிலும் வெளிநாட்டு வாடையுள்ள பெயர்கள் பெருகின: ரோன்னி, என்ரிக்கோ, சில்வியோ, ரெனே, மாரியோ. ஆங்கில மைக் அங்கே ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டது. பெர்லின் சுவர் இடிந்தபோது பத்து வயதுச் சிறுவன், லைப்ஸிக் நகரம் என்றால் ரோன்னி வெகு பொருத்தம். அதே வயதில் ஹாம்பர்க் மருத்துவரின் மகனுக்கு அது பொருந்தாது.

ஸ்விட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதி என்றால் ஊர்ஸ், பேயாட், ரேட்டோ, ஊவேலி. ஊர்ஸும் ரேட்டோவும் எல்லையைத் தாண்டினாலே ஸ்விஸ்காரர் என்று தெரிந்துவிடும். ஆஸ்திரியரை ஜெர்மானியராகவே எழுதிவிடுவது நம்மிடம் அடிக்கடி நடக்கிறது; லியோபோல்ட் என்ற பெயர் வீயன்னாவுக்கு எவ்வளவு நெருக்கமோ, ஹாம்பர்க்குக்கு அவ்வளவு தூரம்.

மூன்றாம் படி: வீட்டையும் வழிபாட்டையும் பாருங்கள்

சமகாலக் கதையில் மதம் பெயரில் அவ்வளவாகத் தெரியாது. வரலாற்றுக் கதையில் அதுதான் முதல் அடையாளம். கத்தோலிக்கர் புனிதர்களை நாடினார்கள். புரோட்டஸ்டன்ட் பக்திமான்களின் வீடுகளில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கடவுளைச் சொல்லும் பெயர்கள் புறப்பட்டன: கோட்லீப், ட்ரவ்கோட், ஃப்யூர்ஷ்டெகோட். கடைசிப் பெயர் 'கடவுளுக்கு அஞ்சு' என்று பிள்ளைக்கே இடும் கட்டளை. கவிஞர் கெல்லெர்ட்டின் பெயரில் அது இருக்கிறது.

தரங்கம்பாடியைக் களமாக வைத்து எழுதுகிறவர்களுக்கு வேலை எளிது. அங்கே வந்தவர்களின் பெயர்களே அந்தத் தலைமுறையின் மாதிரிகள்: 1706இல் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிஷ் ப்ளூச்சவும், பிறகு யோஹான் எர்ன்ஸ்ட் க்ருண்ட்லர், பெஞ்சமின் ஷுல்ட்ஸே, யோஹான் ஃபிலிப் ஃபப்ரீஸியுஸ், தஞ்சையில் வாழ்ந்து மறைந்த கிறிஸ்டியான் ஃப்ரீட்ரிஷ் ஷ்வார்ட்ஸ். இவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கற்பனைப் பாதிரியாரை நிறுத்துவதானால் யோஹான் கோட்லீப் என்று தொடங்கலாம். கெவின் என்று யாரும் வைக்கப்போவதில்லை. ஆனால் ஊவே, ரைனர் என்று வைக்கும் அபாயம் உண்டு.

யோஹான்கள் இத்தனை பேர் ஏன் என்று தோன்றும். ஞானஸ்நானத்தில் யோஹான் என்று முதலில் வைத்து, இரண்டாவது பெயரால் அழைப்பது அக்கால வழக்கம். இசைமேதை பாக் 1685இல் ஐஸனாக்கில் பிறந்தார், யோஹான் ஸெபாஸ்டியான். தந்தை யோஹான் அம்ப்ரோஸியுஸ். அண்ணன்மார் யோஹான் கிறிஸ்டோஃப், யோஹான் பால்தஸார், யோஹான் யாக்கோப். ஒரே வீட்டில் இத்தனை யோஹான்கள். பிரித்துக் காட்டியது இரண்டாம் பெயர்தான். 18ஆம் நூற்றாண்டுக் கதையில் அம்மா மகனை 'யோஹான்!' என்று கூப்பிடும் வசனத்தை எழுதுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். 'ஸெபாஸ்டியான்!' என்றே கூப்பிட்டிருப்பாள்.

யூதப் பாத்திரங்களில் இன்னும் கவனம் தேவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் நகரங்களில் பிறந்த யூதர்கள் பலர் முழு ஜெர்மன் பெயர்களையே தாங்கியிருந்தார்கள்: ஊல்மில் 1879இல் பிறந்த ஆல்பெர்ட் ஐன்ஸ்டைன், ஃப்ராங்க்ஃபர்ட்டில் 1889இல் பிறந்த ஓட்டோ ஃப்ராங்க், பெர்லினில் 1892இல் பிறந்த வால்டர் பென்யமீன். எல்லோருக்கும் ஆபிரகாம், மோசே என்று வைத்தால் அந்த மக்கள் எவ்வளவு தூரம் அந்த மண்ணோடு கலந்திருந்தார்கள் என்பதையே அழித்துவிடுகிறோம். 1938 ஆகஸ்டில் வந்த ஆணை, பெயரில் யூத அடையாளம் தெரியாத யூத ஆண்கள் எல்லோரும் 1939 ஜனவரி முதல் 'இஸ்ரவேல்' என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. உங்கள் கதை அந்த ஆண்டுகளில் நடந்தால் பாத்திரத்தின் அடையாள அட்டையில் அந்தப் பெயர் இருந்தே தீரும்.

குடும்ப நிலை என்பதற்கு இன்றைய எடுத்துக்காட்டு கெவின். 1991ஐ ஒட்டி ஜெர்மனியெங்கும் அலைபோல் பரவிய பெயர் அது. பிறகு வசதியற்ற குடும்பத்துப் பெயர் என்ற முத்திரை அதன்மேல் விழுந்தது. 2009இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில் ஒருவர், 'கெவின் பெயர் அல்ல, நோயின் பெயர்' என்ற கருத்தில் எழுதினார். பிள்ளையைப் பார்க்கும் முன்பே பெயரைப் பார்த்து எடைபோடும் கொடுமை இது. கெவின் என்று பெயர் வைப்பதானால் அவன் சந்தித்திருக்கக்கூடிய அந்தப் பார்வைக்கும் கதையில் இடம் கொடுங்கள்; மட்டம்தட்ட மட்டும் அந்தப் பெயரைப் பயன்படுத்தாதீர்கள்.

ஜெர்மானியர் என்றால் ஜெர்மன் வேர்ப் பெயர்தான் என்றும் இல்லை. 1961 அக்டோபர் 30இல் துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எம்ரே, முராட், ஜெம். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு வரும் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பையனும் அங்கேயே பிறந்து வளர்ந்தவன்தான். 2008 டிசம்பரில் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. வழக்கே 'கிரண்' என்ற இந்தியப் பெயரைப் பற்றியது. பெண் குழந்தைக்கு அந்தப் பெயர் கூடாது என்று பதிவு அலுவலகம் மறுத்திருந்தது. பெயர் பாலினத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்றது நீதிமன்றம்.

நான்காம் படி: குடும்பப் பெயர்

ம்யூல்லர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர், பெக்கர் எல்லாம் தொழிலிலிருந்து வந்தவை, எங்கும் பொருந்தும். ஊரோடு ஒட்டிய குடும்பப் பெயர் கிடைத்தால் இன்னும் நல்லது. 'ஸென்' என்று முடிந்தால் வடக்கு: பேட்டர்ஸென், ஹான்ஸென். 'லே' என்று முடிந்தால் தென்மேற்கிலுள்ள ஷ்வாபியா: ஹேபெர்லே. ஹூபர், ஓபர்மையர் என்றால் பவேரியா. பூலோ, ஃபிர்ஷோ என்பவை ஸ்லாவிய வேர் கொண்ட வடகிழக்குப் பெயர்கள். எழுத்தில் கடைசியில் டபிள்யூ இருந்தாலும் ஒலிக்காது, 'பூலோவ்' என்று எழுத வேண்டாம்.

முன்பெயரும் குடும்பப் பெயரும் ஒரே ஊருக்குப் போக வேண்டும். கோர்பினியான் பேட்டர்ஸென் என்று ஒருவர் இருக்க முடியாதா? முடியும். ஆனால் அவருடைய அம்மா பவேரியா, அப்பா கடலோரம் என்ற கதை அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும்.

ரூர் நிலக்கரிப் பகுதியில் ஒரு குடும்பத்தைப் பெயரிட்டுப் பார்ப்போம். 1890களில் பிரஷ்யாவின் கிழக்கு மாகாணத்திலிருந்து போலிஷ் பேசும் ஒருவர் சுரங்க வேலைக்கு வருகிறார்: ஸ்டானிஸ்லாவுஸ் நோவாக். அவருடைய மகன் 1902இல் அங்கேயே பிறக்கிறான். பெயர் ஃபிரான்ஸ், போலிஷ் வீட்டுக்கும் ஜெர்மன் பள்ளிக்கும் பொதுவான பெயர். பேரன் 1929இல்: ஹைன்ட்ஸ். போலிஷ் இப்போது பெயரில் குடும்பப் பெயரளவில்தான் மிச்சம். கொள்ளுப்பேரன் 1956இல்: டெட்லெஃப். அவனும் சுரங்கத்துக்குப் போகிறான். அவனுடைய மகன் 1985இல்: மார்ஸெல். 2018 டிசம்பரில் போட்ராப் நகரத்தில் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டபோது மார்ஸெலின் மகனுக்கு மூன்று வயது, பெயர் எமில். ஆறு தலைமுறை, ஆறு பெயர். நாவலின் முதுகெலும்பு இந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடுகிறது.

கிழக்கு ஃப்ரீஸ்லாந்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1811இல் நெப்போலியன் ஆட்சியின் ஆணை வரும்வரை அங்கே நிலையான குடும்பப் பெயர் பரவலாக இல்லை. அப்பாவின் பெயர்தான் பிள்ளையின் பின்பெயர். யான் என்பவரின் மகன் என்னோ யான்ஸென், என்னோவின் மகன் ஹார்ம் என்னென். நம் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

குடும்பப் பெயருக்கு முன்னால் 'ஃபோன்' என்ற பிரபுக்குல அடையாளத்தைச் சேர்ப்பதில் பலருக்கு ஆசை. ஜெர்மனியில் 1919 அரசமைப்புக்குப் பிறகு பிரபுப் பட்டங்கள் வெறும் குடும்பப் பெயரின் பகுதியாகிவிட்டன. அதனால் இன்றும் 'ஃபோன்' உண்டு. ஆஸ்திரியாவில் அதே 1919இல் சட்டம் போட்டே நீக்கிவிட்டார்கள். இன்றைய ஆஸ்திரியக் குடிமகனுக்கு 'ஃபோன்' வைத்தால் பிழை.

ஐந்தாம் படி: யார் எப்படிக் கூப்பிடுவார்கள்?

ஒரு பாத்திரத்துக்குக் குறைந்தது மூன்று அழைப்புகள் தேவை. அடையாள அட்டையில் ஸெபாஸ்டியான் வாக்னர். அலுவலகத்தில் 'ஹெர் வாக்னர்', அதாவது திரு. வாக்னர். நண்பர்களுக்கு பாஸ்டி. ஹைன்ரிஷ் ஹைனர் ஆகலாம், யோஹன்னஸ் ஹான்னெஸ் ஆகலாம், ஃப்ரீட்ரிஷ் ஃப்ரிட்ஸ் ஆகலாம்.

ஹெர் வாக்னரை ஒருநாள் ஸெபாஸ்டியான் என்று கூப்பிடத் தொடங்குவது அங்கே ஒரு நிகழ்வு. 'நீங்கள்' என்பதை விட்டு 'நீ' என்பதற்கு மாறலாம் என்று வயதில் மூத்தவரோ பதவியில் மேலானவரோதான் முதலில் சொல்ல வேண்டும். தமிழுக்கு இந்த வேறுபாடு உண்டு என்பதால் அந்தக் காட்சியை நாம் முழுதாக எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

ஆறாம் படி: தமிழில் எழுதிப் பாருங்கள்

ஜே எழுத்து 'ய' ஆகும்: யான், யோனாஸ். டபிள்யூ 'வ' ஆகும்: வால்டர். வி பெரும்பாலும் 'ஃப': ஃபோல்கர். சொல் முதலில் எஸ்ஸும் டியும் சேர்ந்தால் 'ஷ்ட': ஷ்டெஃபான். இஸட் 'ட்ஸ்' ஆகும். இ (e), ஐ (i) எழுத்துகள் இதே வரிசையில் வந்தால் 'ஐ' ஒலி, மாறி வந்தால் 'ஈ' ஒலி: ஹைன்ரிஷ், டீட்டர். ஏற்கெனவே தமிழில் நிலைபெற்ற கார்ல் மார்க்ஸ், கதே, சீகன்பால்கு போன்ற வடிவங்களைத் திருத்தப் போக வேண்டாம்.

அசல் ஒலிக்காக வாசகரை வதைக்கவும் வேண்டாம். முந்நூறு பக்கம் வரப்போகும் நாயகனுக்கு ஃப்யூர்ஷ்டெகோட் என்று வைத்தால், ஐ, ஆல், கு, இன் எல்லாம் ஒட்டும் இடங்களில் வாக்கியம் திணறும். ஓட்டோவுக்கு, எமிலை, யோனாஸோடு என்று சொல்லிப் பாருங்கள், தடையில்லாமல் ஓடுகிறது. யான், யோனாஸ், யோஹான், யூர்கன் நால்வரும் ஒரே அத்தியாயத்தில் வந்தால் யார் யார் என்று குழம்பும். ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 'ய' கொடுங்கள். கெர்ட், குர்ட் இருவரையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.

முடித்த பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள். தோமாஸ் ம்யூல்லர் என்று வைத்தால் வாசகர் மனத்தில் கால்பந்து வீரர்தான் ஓடுவார். பிறகு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள்: பிறந்த ஆண்டு, ஊர், முழுப்பெயர், வீட்டில் அழைப்பது, வெளியில் அழைப்பது, தமிழ் எழுத்துக்கூட்டல். அந்தக் கடைசி வரியைப் பிழைதிருத்துபவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நாலாம் அத்தியாயத்து யூர்கன் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஜர்கன் ஆகிவிடுவார்.